தகரக் குரல்

மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிற அவரைச் சங்கு என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். தக்காளி மேடையில் ஏறி வாயைத் திறந்தால், வாசலில் லாரிக்குள் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தார்கள், மூச்சுவிடக் கழுத்தில் துளை வைத்தார்கள். கதிர்வீச்சும் முடிந்து, "நோய் போயிடுச்சு" என்று டாக்டர் சொன்னபோது, "அப்பாடா" என்று சொல்லக்கூட அவரிடம் குரல் இல்லை.

கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். அவருடைய மேடையில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். மனைவியின் தம்பி, அவரே தொழிலுக்கு இழுத்துவந்து பழக்கியவன்.

"மாமா, நீங்க இனிமே வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றான். பிறகு வியாபாரிகள் பக்கம் திரும்பி, "சங்குக்கே சங்கு ஊதியாச்சுப்பா!" என்றான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். கழுத்துத் துளையிலிருந்து புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

அன்று வீட்டில் அவர் எறிந்த தட்டு சுவரில் பட்டு நெளிந்தது.

"எனக்கும் என் தம்பி மேல கோவம்தான். அதுக்குத் தட்டு என்ன பண்ணுச்சு?" என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரியில உங்கள மாதிரி ஆளுங்க வாராவாரம் கூடுறாங்களாம். நாளைக்குப் போறோம்."

முறைத்துக்கொண்டேதான் போனார். கழுத்தில் துணி கட்டிய ஏழெட்டுப் பேருக்கு நடுவில், முன்பு பஸ் கண்டக்டராக இருந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். சின்ன மிஷின் ஒன்றைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பேசினாள். ஏற்ற இறக்கமே இல்லாத தகரக் குரல்.

"பரிதாபம் வேணும்னா வெளியில போங்க, நிறைய கிடைக்கும். இங்க பேசத்தான் சொல்லித் தருவோம்."

சங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஷினை வெடுக்கென்று பிடுங்கித் தன் கழுத்தில் வைத்தார். உர்ர் என்றது, அவ்வளவுதான். அவள் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

"இடம் தப்பு. இன்னும் மேல வைக்கணும். ஏலக்காரராமே, வாயத் திறந்தாத்தான் என்ன?"

அவளைப் பழிவாங்கவே அடுத்த வாரமும் போனார். துளைக்குள் தண்ணீர் இறங்காமல் குளிப்பதையும், நோய் திரும்ப வந்துவிடுமோ என்று நெஞ்சு அடைக்கும்போது யாரைக் கூப்பிடலாம் என்பதையும் அங்கேதான் கற்றார். மிஷினில் அவருக்கு முதலில் சுத்தமாக வந்தவை மச்சானைத் திட்டும் வார்த்தைகள். அப்புறம்தான் மனைவியிடம், "சாப்டியா?"

மிஷினோடு மறுபடி ஏலம் கூவச் சந்தைக்குப் போனார். தக்காளி மேடையை மச்சான் விடவில்லை. சந்தைத் தலைவர் வேண்டாவெறுப்பாக, ஓரத்திலிருந்த உருளைக்கிழங்கு மேடையைக் கொடுத்தார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டதும் ஒரு வியாபாரி, "ரோபோ வந்துடுச்சுடா" என்றான்.

"ரோபோவுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார் சங்கு. "வெலையச் சொல்லு."

அவர் பின்னால் கண்டக்டரம்மாவும் கழுத்துத் துணிக்காரர்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றார்கள். அவன் விலையைச் சொன்னான்.

மச்சான் ஒருமுறை வீட்டு வாசலில் வந்து நின்றான். "அக்காவப் பாக்க வந்தியா, பாத்துட்டுப் போ" என்று சங்கு சொன்னதோடு சரி. இன்றுவரை பேச்சு இல்லை. கண்டக்டரம்மாவோடும் வாராவாரம் சண்டைதான். ஆனால் அவள் ஒரு வாரம் வராவிட்டால், போனை எடுத்து முதலில் திட்டுகிற ஆள் இவர்தான்.