தூக்கக் கூடாது என்று நான் எழுதிய கிரேன்

கிரேன்களின் பலத்தைக் கணக்கிட்டுச் சான்று கொடுப்பது என் வேலை. போர்ட் பிளேரில் இருந்தபோது, மத்திய அந்தமானின் சின்னத் தீவு ஒன்றுக்கு அவசரமாக அனுப்பினார்கள். அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் வரப்போகிறது. படகு அணையும் ஜெட்டியில் உள்ள கிரேன் அதைத் தூக்குமா என்று பார்க்க வேண்டும்.

கிரேன் ஆபரேட்டர் முருகேசன் ராமநாதபுரத்துக்காரர்; குடும்பம் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். கிரேனின் நீண்ட கையான பூமில் அவரே முன்னால் ஏறி இடம் காட்டினார். வெளியே புதுப் பெயின்ட். சுத்தியலால் தட்டினால் துரு அடுக்கடுக்காக உதிர்ந்தது. மிச்சமிருந்த தடிமனை அளந்து, கம்ப்யூட்டரில் மாடல் போட்டுப் பார்த்தேன். அந்த எடைக்குப் பூமின் கீழ்ப்பக்க இரும்பு ஆங்கிள்கள் வளைந்து மடங்கிவிடும். சந்தேகமே இல்லை.

"இதுலயா சார் இத்தனை நாளா உக்காந்திருந்தேன்?" என்றார் முருகேசன். "நல்லவேளை வந்தீங்க."

கிரேனை நிறுத்தச் சொல்லியும் மாற்றுக் கிரேன் கேட்டும் எழுதினேன். போர்ட் பிளேரில் மேலதிகாரி, "மெயின்லேண்ட்லேர்ந்து வரணும்ப்பா. கடலும் மோசமா இருக்கு. தேக்தே ஹை, பாக்கலாம்" என்றார்.

"அதுவரைக்கும் எதை வெச்சு சார் இறக்குவாங்க?"

"ஆஸ்பத்திரி இருட்டுல கெடக்கு. ஏதாச்சும் பண்ணிப்பாங்க."

பண்ணினார்கள். ஜெனரேட்டர் வந்த தட்டைப் படகான பார்ஜிலிருந்து ஜெட்டிக்குப் பலகை போட்டு, அடியில் உருளை வைத்து, அதைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஓர் அலையில் பார்ஜ் சாய்ந்தது. கிரேன் வேலை இல்லாததால் கடப்பாரையோடு பக்கத்தில் நின்றிருந்த முருகேசன்மேல் ஜெனரேட்டர் சரிந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

ஃபெர்ரி பிடித்துப் பாம்பூஃப்ளாட் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "கிரேன் விழுந்துருச்சா சார்?" என்று கேட்டார்.

"இல்லம்மா. கிரேனுக்கு ஒண்ணும் ஆகல."

"அப்பறம் அவரு எப்படி சார்?"

சொன்னேன். எதற்கென்று தெரியாமல் நடுவில் துருவைப் பற்றியும் சொன்னேன்.

விசாரணையில் என் கணக்கு சரி என்று பாராட்டினார்கள். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, கிரேனை நாம் நிறுத்திவிடலாம். சுமை வருவது நிற்காது. அதை யார், எதைக் கொண்டு இறக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்டேன். "ஏதாச்சும் பண்ணிப்பாங்க" என்ற பதிலோடு நின்றுவிட்டேன்.