மஜ்லிஸ் என்ற சொல்லும் கால் வண்டியும்

1. கூட்ட அறையில் ஊதிய சங்கு

‘பெரிய மருத்துவமனையின் சேவையோடு இணைத்துக்கொள்ளலாம்’ என்று சுவரில் விழுந்த ஸ்லைடில் மலாயில் எழுதியிருந்தது. கால் வண்டியைப் பற்றித்தான். அரசாங்க நிதிப் பிரிவிலேயே தலை நரைத்த எனக்கு ‘இணைத்துக்கொள்ளலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். வண்டிக்குச் சங்கு ஊதிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் மாநிலத்தில் சுகாதாரத்துக்கென்று ஆறு மன்றங்கள் இருந்தன. இனிப்புநீர் என்னும் நீரிழிவு நோய்க்கு ஒன்று, டெங்கிக்கு ஒன்று, தாய்சேய் நலத்துக்கு ஒன்று என்று ஆளுக்கொரு தலைவர், ஆளுக்கொரு செயலாளர். மலாயில் இவற்றை ‘மஜ்லிஸ்’ என்போம். இவற்றையும் இவற்றின் கீழ் நடந்த திட்டங்களையும் ஒன்றாக்கிச் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. எவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற தொகையும் அதிலேயே இருந்தது. உத்தரவில் தப்பே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரே விஷயத்தை ஆறு கூட்டங்களில் பேசி, ஆறு தடவையும் கறிபாப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தவர்களுக்கு மைலேஜ் கிளேம் போட்டுக் கொடுத்தவளே நான்தான்.

கணக்குப் பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். மன்றங்களை ஒன்றாக்கினாலே பெருந்தொகை மிஞ்சும் என்று அவர் காட்டினார். இலக்குக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைந்தது. அந்தக் குறையை நிரப்பக் கால் வண்டி.

கால் வண்டி என்பது தோட்ட மக்கள் வைத்த பெயர். இனிப்புநீர்க்காரர்களுக்குக் காலில் புண் வந்தால் சீக்கிரம் ஆறாது. கவனிக்காமல் விட்டால் விரல் போகும், பிறகு காலே போகும். அதனால் மிசி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு நர்ஸும் டிரைவரும் வேனில் மருந்து ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்க் கால் பார்த்து, கட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். இனிப்புநீர் மன்றத்தின் ஒதுக்கீட்டில் ஓடிய வண்டி அது.

கூட்டம் முடிந்ததும் என் பொஸ் புவான் ரொஹானாவைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிட வயதில் சின்னவர், என்னைக் காக் என்றுதான் கூப்பிடுவார். காக் என்றால் அக்கா, புவான் என்றால் மேடம். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“காக் சாந்தி, எனக்கும் மனசு வரல லா. ஆனா தொகை வரணும். வேற எடத்துல காட்டுங்க, வண்டியை நான் விட்டுடுறேன். அடுத்த வாரம் இந்தக் கணக்கு மேல போவுது, அதுக்குள்ள.”

“காட்டுறேன்” என்று வாயை விட்டுவிட்டேன். எங்கிருந்து காட்டுவது என்று அப்போது எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

2. யோங் பெங் பக்கம்

முதலில் அந்த வண்டியையே சந்தேகப்பட்டேன். எண்ணெய்ச் செலவிலோ மருந்திலோ கொழுப்பு இருந்தால் நானே அதை வெட்டிவிட்டு, வண்டியைக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை நான் இருக்கும் தம்போயிலிருந்து என் காரிலேயே கிளம்பி யோங் பெங் ஊருக்குப் போய், டோல் சாவடிக்கு வெளியே கால் வண்டியோடு சேர்ந்துகொண்டேன்.

வண்டியில் வரும் மிசி புஷ்பாவுக்கு வேலை பேச்சோடு பேச்சாக நடக்கும். கை கட்டை அவிழ்க்கும், வாய் திட்டிக்கொண்டே இருக்கும். செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மண்டபத்தில் வேலு அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குலை வெட்டிய மனிதர். இடது காலில் இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இப்போது வலது குதிகாலில் புண்.

“செருப்பு போடுங்கன்னு எத்தன வாட்டி சொல்றது அண்ணே? காலு என்ன கடையில விக்கிதா?”

“போட்டுக்கிட்டுதான் இருந்தேன் மிசி. போன மாசம் நீங்க வரல. கட்டு மாத்தாம அப்படியே கெடந்துச்சு, நாத்தம் வந்துருச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். ஆபீசிலிருந்து வந்தவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“அம்மா, வண்டி இனிமே வராதுன்னு பேசிக்கிறாங்க, நெசமா? மகன் செனாய்ல ஷிப்ட்டு வேல. அவன் லீவு போட்டாத்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவ முடியும். மாசத்துக்கு எத்தன லீவு குடுப்பான் மொதலாளி?”

நான் புஷ்பா பக்கம் திரும்பி, “போன மாசம் ஏன் வரல?” என்று அதட்டினேன்.

“மஜ்லிஸ் அக்கா.”

“மன்றக் கூட்டத்துல மிசிக்கு என்ன வேல?”

புஷ்பா கையில் கத்தரியோடு சிரித்தாள். “அய்யோ அக்கா, அந்த மஜ்லிஸ் இல்ல. விழா! இயக்கம் தொடங்கி வைக்கிறாங்கன்னு பெரிய கூடாரம், ஏர்கூலர், எல்லாருக்கும் ஒரே கலர்ல சட்ட. நாற்காலி காலியா இருக்கக் கூடாதுன்னு எங்கள உக்கார வச்சுட்டாங்க. அந்த மாசம் மட்டும் ரெண்டு மஜ்லிஸ்.”

மலாய் தெரிந்த யாருக்கும் இது புதிது இல்லை. மன்றமும் மஜ்லிஸ்தான், விழாவும் மஜ்லிஸ்தான். பிறந்ததிலிருந்து இரண்டையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்த மண்டபத்தில், புண்ணின் வாடைக்கு நடுவே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “புஷ்பா, நீ நல்லாருப்ப!” என்று கத்திவிட்டுக் காருக்கு ஓடினேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீஸ்காரிக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

3. ஆலோசகரிடம் ஒரே ஒரு கேள்வி

காரில் உட்கார்ந்தபடியே ஆலோசகரைக் கூப்பிட்டேன். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசுவார்.

“மன்றங்களோட செலவை எப்படித் தனியா எடுத்தீங்க?”

“ஈஸி புவான். எக்செல்ல மஜ்லிஸ்னு பில்ட்டர் பண்ணேன். வந்ததெல்லாம் கூட்டி, ஒண்ணாக்குனா அதுல பாதி மிஞ்சும்னு போட்டேன்.”

“அந்த வரிசையில கூடாரம் வாடகைன்னு ஏதாவது இருக்கா, பாருங்க.”

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

“அலமாக்” என்றார், ‘அய்யய்யோ’ என்பது மாதிரி.

அவர் கூட்டிய தொகையில் முக்கால்வாசி தொடக்க விழா, நிறைவு விழா, நன்றி பாராட்டும் விழா. கூடாரம், மேடை, பூ, அன்பளிப்புப் பை. மன்றங்கள் உண்மையில் தின்றது கறிபாப் காசும் மைலேஜும்தான். மலாய் தெரியாததால் வந்த தப்பு இல்லை இது. எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த சொல்லாக இருந்ததால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, என்னையும் சேர்த்து.

4. மேலிடத்தில்

மாநில அமைச்சர் மாதிரியான ஆட்சிக்குழு உறுப்பினர் தலைமையில் கூட்டம். அவருக்கு அரசு கொடுத்த பட்டம் டத்தோ. அவர் சிடுசிடுப்பானவர் என்று பெயர். புவான் ரொஹானா என்னையே பேசச் சொல்லிவிட்டார்.

“டத்தோ, ஆறு மன்றத்தையும் ஒண்ணாக்குங்க, ரொம்ப நல்லது. ஆனா அதுல இந்த அளவுக்கு மிச்சம் வராது. மன்றத்தை மூடினாலும் அடுத்த வருஷம் கூடாரம் எழும்பும். விழா நடத்துறது மன்றம் இல்ல, திட்டப் பிரிவுங்க. அதுங்க அப்படியே இருக்கே.”

“அப்போ மிச்சமே கிடையாதுன்னு சொல்றீங்களா?” குரல் ஏறியது.

“இருக்கு டத்தோ. எடம்தான் வேற. திட்டங்களை ஒண்ணாக்குனா விழாவையும் ஒண்ணாக்கணும். வருஷத்துக்கு ஒரே ஒரு விழா, அதுவும் நம்ம மண்டபத்துல. நீங்க கேட்ட தொகை வந்துடும், மேல கொஞ்சம் மிஞ்சும். கால் வண்டியைத் தொட வேணாம்.”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அந்த விழா எல்லாத்துலயும் ரிப்பன் வெட்டுனது யாருன்னு தெரியுமா?” என்றார்.

தெரியும். அவர்தான். என் பென்ஷன் கண் முன்னால் பறந்து போவதைப் பார்த்தேன்.

“வண்டி நின்னா ஒரு கால் போயிடும் டத்தோ. யாரோட காலுன்னும் எனக்குத் தெரியும்” என்றேன். இதைச் சொல்ல நான் தயார் செய்திருக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது.

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு மேசையைத் தட்டிக்கொண்டு. “என் வீட்டுக்காரி ரொம்ப நாளா இதைத்தான் சொல்றா, கத்தரிக்கோலைக் கீழ வைங்கன்னு” என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டார். வண்டி பிழைத்தது. மிஞ்சிய பணத்தில் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களுக்கு இன்னொரு வண்டி விடலாமே என்று கேட்டது புவான் ரொஹானா. அதற்கும் சரி என்றார். வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் லிப்டுக்குள் சின்னப் பிள்ளைகள் மாதிரி கட்டிக்கொண்டு குதித்தோம்.

5. சாவி

இரண்டாவது வண்டி வந்த வாரம், பழக்கதோஷத்தில் யாரோ அதற்கும் ஒரு தொடக்க விழாவுக்கு மனுப் போட்டிருந்தார்கள். கூடாரம் உட்பட. நானே அதில் குறுக்குக் கோடு போட்டேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு ஆசையாக வேறெந்தக் கோட்டையும் போட்டதில்லை. கார் நிறுத்துமிடத்தில் டிரைவரிடம் சாவியைக் கொடுத்து, “போய்ட்டு வாங்க தம்பி” என்றேன். அவ்வளவுதான் விழா.

நிதிப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். செலவைக் குறைப்பது கெட்ட காரியம் இல்லை, பயப்படாமல் செய்யுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அந்தச் செலவு நடக்கும் இடத்துக்கு ஒருமுறை போங்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

போன வாரம் புஷ்பா போன் செய்தாள். வேலு அண்ணனின் குதிகால் புண் மூடிவிட்டதாம். தீபாவளிக்கு மகன் புதுச் செருப்பு வாங்கித் தந்திருக்கிறானாம், கடைத்தெரு முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நடந்தாராம். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.