கல்லைக் குளிப்பாட்டி எடுத்த போட்டோ

கொரோனா ஊரடங்கு போட்ட முதல் வருஷம் நடந்தது இது. நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். பள்ளியை மூடிவிட்டார்கள், கணவர் துபாயில் மாட்டிக்கொண்டார். தனியாக வாடகை வீட்டில் கிடப்பானேன் என்று, பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

வீடு என்றால் வீடு இல்லை. புயலில் ஓடு போன பிறகு தார்ப்பாய் போட்ட கொட்டகை. எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துக் கூலி வாங்கியவர். தாலுகா ஆபீசுக்குப் பத்து வருஷம் நடந்து, மூன்று சென்ட் மனைப்பட்டா வாங்கினார். அதை அவரும் சித்தப்பாவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பின்பாதி எங்களுக்கு. அதற்குப் பின்னால் ஒரு பெரிய தென்னந்தோப்பு. எங்கள் மனைக்கும் அந்தத் தோப்புக்கும் நடுவில் எல்லை காட்ட ஒரே ஒரு சர்வே கல்தான் இருந்தது. மற்ற கல்லெல்லாம் சிமெண்ட் ரோடு போட்டபோதும் வாய்க்கால் தூர்வாரியபோதும் போய்விட்டன.

அந்த வருஷம்தான் தம்பிக்கு அரசு வீடு கட்ட உத்தரவு வந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னால், கல் வரைக்கும் இருந்த காலி இடத்தில் கட்டுவதாக ஏற்பாடு. தம்பி சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டு வைத்திருந்தான். தம்பி பெண்டாட்டிக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். "இது அடுப்படி அண்ணி, இங்க ஜன்னலு" என்று மண்ணில் நின்று காட்டுவாள்.

என்னோடு பள்ளியில் படித்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். பொழுது போகாமல், 'வீடும் தோட்டமும்' என்று பத்து நாள் போட்டோ சவால் ஆரம்பித்தார்கள். தினமும் ஒரு தலைப்பு. நம் வீட்டுக்குள்ளேயே படம் எடுத்துப் போட வேண்டும். ஒருத்தி மொட்டைமாடியில் ரோஜாவாக வளர்த்து வைத்திருந்தாள். ஒருத்தன் வீட்டில் ஊஞ்சல், தரையில் முகம் தெரியும். நான் எதைப் போடுவது? ஒரு முருங்கை, நாலு கத்தரிச் செடி, ஒரு வாழைக்கன்று. தார்ப்பாய் தெரியாமல் எடுக்க மண்ணில் படுத்து, குனிந்து, என்னென்னவோ செய்தேன். மூன்று நாளும் என் படத்துக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம். பள்ளியிலும் இவர்கள் நடுவில் நான் கடைசி பெஞ்ச்தான். இப்போதும் அப்படியேவா?

நாலாவது நாள் தலைப்பு, 'பழையதுக்குப் புது வேஷம்'. பழைய பொருள் எதற்காவது அலங்காரம் செய்து படம் எடுக்க வேண்டும். கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்தக் கல் கண்ணில் பட்டது. நாலு பக்கமும் செதுக்கிய நல்ல கருங்கல். பாதி மண்ணுக்குள் இருந்தது.

"டேய், இதை எடுத்துக் குடுடா" என்றேன் தம்பியிடம்.

அவன் தயங்கினான். "அக்கா, அது அளவுக்கல்லு. அதுல ஆட்டைக்கூடக் கட்ட மாட்டாரு அப்பா."

"லூசு மாதிரிப் பேசாத. பட்டா பொட்டியில இருக்கு. கல்லா வந்து சாட்சி சொல்லப்போவுது? ஒரு மணி நேரத்துல திரும்ப நட்டுடலாம்."

படித்த அக்கா சொல்கிறாளே என்று கடப்பாரையை எடுத்தான். ஊரில் எழுதப்படிக்கத் தெரியாத கிழவனுக்குக்கூடத் தெரியும், அந்தக் கல்லைத் தொடக்கூடாது என்று. எம்.எஸ்ஸி., பி.எட். முடித்த எனக்குத் தெரியவில்லை.

கல்லைத் தேய்த்துக் கழுவினோம். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தம்பியின் துண்டைச் சுற்றி, முருங்கைப்பூவை மாலையாகப் போட்டேன். வாழைக்கன்று பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். அதன் கீழே எழுதியதையும் சொல்கிறேன். 'முப்பது வருஷமாக எங்கள் தோட்டத்தில் நின்றவர். இன்று பிடுங்கி எடுத்துக் குளிப்பாட்டி மாப்பிள்ளை ஆக்கிவிட்டோம்.'

அன்றைக்கு நான்தான் முதல். கைதட்டல், இதயம், கிரீடம் எல்லாம் வந்தது. சொன்ன மாதிரியே சாயங்காலம் கல்லை அதே குழியில் நட்டு மிதித்தான் தம்பி. ஒரு விரல்கடைகூட நகரவில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்வேன். சொல்லி என்ன பிரயோஜனம்?

ஐப்பசி மழை விட்டதும் தோப்புக்காரர் ஆள் வைத்துக் கம்பி வேலி போட்டார். கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் பத்தடி உள்ளே வந்துவிட்டது வேலி. தம்பி போட்ட கோட்டில் பாதிக்கு மேல் வேலிக்கு அந்தப் பக்கம். கேட்டால், "என் இடத்துல நான் வேலி போடுறேன், உனக்கென்ன?" என்றார். அந்தக் கட்சிக்காரர் ஒருத்தர் பஞ்சாயத்துப் பேச வந்தார். இந்தக் கட்சிக்காரர் ஒருத்தரும் வந்தார். ரெண்டு பேரும் தோப்புக்காரர் வீட்டில் காபி குடித்தார்கள், எங்களிடம் அனுசரித்துப் போகச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்டு வருகிறபோது மட்டும் எல்லாருக்கும் நாங்கள் சொந்தக்காரர்கள்.

தம்பி விடவில்லை. தாலுகா ஆபீசில் அளக்கச் சொல்லி மனு போட்டான். சர்வேயரும் வி.ஏ.ஓ.வும் வந்தார்கள். தெருவே கூடிவிட்டது. சர்வேயர் கல்லை வைத்துச் சங்கிலி பிடித்தார். எல்லை அளவு போட்ட புலப்படத்தைப் பார்த்தார். "வேலி உள்ளாறதாங்க வந்திருக்கு" என்று தோப்புக்காரரைப் பார்த்துச் சொல்லியும் விட்டார். தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தோப்புக்காரர் அவசரப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "சார், இதையும் கொஞ்சம் பாருங்க. எந்தக் கல்லை வச்சு அளக்குறீங்கன்னு தெரியும்."

என் படம். என் பெயர். 'பிடுங்கி எடுத்து' என்ற என் எழுத்து.

அவருடைய அண்ணன் மகள் என்னோடு படித்தவள், அதே குழுவில் இருந்தாள். பிறகு அவளிடம் கேட்டேன். "என் போன்ல பார்த்துட்டு சித்தப்பா கேட்டாரு, அனுப்பினேன்டி. இதுல என்ன இருக்கு?" என்றாள். என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதாம். விடுங்கள். எனக்கும்தான் தெரியவில்லை.

சர்வேயர் போனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், சங்கிலியைக் கீழே போட்டார். "பிடுங்கி நட்ட கல்லை வச்சு நான் அளக்க முடியாதுப்பா. ஊர் எல்லையிலேருந்து புதுசா அளந்துட்டு வரணும். கோர்ட்டுலதான் கேக்கணும்."

"அதே குழியிலதான் சார் நட்டோம்" என்றான் தம்பி.

"அதுக்கு என்னப்பா சாட்சி?"

தோப்புக்காரர் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு மாலை போட்டவங்களைத்தான் கேக்கணும்." கூட நின்ற அவருடைய ஆட்களும் சிரித்தார்கள்.

வி.ஏ.ஓ. முகம் மாறிவிட்டது. "சர்வே கல்லைப் பிடுங்குறது குத்தம், தெரியுமா? கேஸ் ஆயிடும். யாரு இந்த வேலை பார்த்தது? இதுல ஒரு டீச்சரம்மா பேரு இருக்கே?"

கேஸ் என்று காதில் விழுந்ததும் எனக்குப் பள்ளி நிர்வாகம்தான் ஞாபகம் வந்தது. பாதிச் சம்பளம் கொடுத்துக்கொண்டு, யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள் அப்போது.

"அக்கா போனை வாங்கி நான்தான் சார் போட்டேன்" என்றான் தம்பி. "கல்லைப் பிடுங்கினதும் நான்தான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ஒரு நிமிஷம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். 'இல்லை, நான்தான் பிடுங்கச் சொன்னேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடுகிற நேரம். நான் சொல்லவில்லை.

வி.ஏ.ஓ. அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மனுவை வாபஸ் வாங்கினால் கல் விஷயத்தை இதோடு விட்டுவிடலாம், இல்லாவிட்டால் அலைய வேண்டிவரும், உள்ளே போக வேண்டியும் வரும் என்றார். பெண்டாட்டி பிள்ளையை யார் பார்ப்பது என்றும் கேட்டார். தம்பி அங்கேயே, சர்வேயரின் பைக் சீட்டில் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

எல்லாரும் போன பிறகு தம்பி பெண்டாட்டி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் படத்துக்கு எத்தனை லைக்கு அண்ணி வந்துச்சு?"

இடத்தில் தகராறு என்று எழுதி, அரசு வீட்டை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார்கள். மிச்ச இடத்தில் எதுவும் கட்ட முடியாது. அடுத்த தை முடிவதற்குள் தம்பி குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான். பனியன் கம்பெனியில் வேலை, ஒரே அறை. வயலிலும் வரப்பிலும் வளர்ந்தவன். தோப்புக்காரர் அந்தப் பத்தடியில் இதுவரை ஒரு தென்னம்பிள்ளைகூட வைக்கவில்லை. புல் மண்டிக் கிடக்கிறது. அவருக்கு அந்த இடம் தேவையே இல்லை. எங்களுக்கு இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று நான் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "விடுக்கா" என்று பேச்சை மாற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறான். சாப்பிட்டியா, மாமா எப்ப வர்றாரு என்று கேட்கிறான். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். எனக்குக் கேஸ் வரவில்லை, வேலையும் போகவில்லை. அதே பள்ளியில்தான் இருக்கிறேன்.

இந்த அனுபவம் என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்காதீர்கள். கல்லைத் தொடக்கூடாது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும், அதைக் கற்றுக்கொள்ள ஒரு வீட்டைத் தொலைக்க வேண்டியதில்லை. நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: இழக்க வேலை என்று ஒன்று இருந்த நான் வாயை மூடிக்கொண்டேன், வீட்டைத் தவிர ஒன்றும் இல்லாதவன் எனக்காக அதையும் விட்டுக்கொடுத்தான், இதைச் சரிசெய்ய என்னிடம் எதுவுமே இல்லை.