என் வயிறும் மாமாவின் பெருவிரலும்

வாசகசாலைப் பலகையைப் படிக்கிற எல்லாருக்கும்.

நாளைக் காலை ஆஸ்பத்திரியில் என் வயிற்றைக் கிழித்து ஒரு கட்டியை எடுக்கப் போகிறார்கள். அதற்கு இன்று சம்மதம் கேட்டார்கள். என்னிடம் அல்ல.

“நானே கையெழுத்துப் போடுதேன் டாக்டர். பள்ளிக்கூடத்துல டீச்சராக்கும்” என்றேன்.

“அது பத்தாதும்மா. வீட்டு ஆம்பிளை ஆராவது போடணும்” என்றார் டாக்டர்.

கணவர் பேனாவைத் தொடவில்லை. “இவங்க மருமக்கவழிக் குடும்பம். காரணவர் இருக்கும்போ நான் போட்டா பொறவு பேச்சு வரும். எடுக்கதும் விடுகதும் அவருக்க காரியம்.”

காரணவர் என்றால் என் தாய்மாமா; தாய்வழியாகப் போகிற எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் தலைவர். பூதப்பாண்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கட்டி எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. வயலுக்கு ஆள் விடுகிற குரலில், “அறுக்கட்டும்” என்றார். பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் உருட்டினார்.

ஆஸ்பத்திரிக் குமாஸ்தா தாளைத் திருப்பிப் பார்த்தார். “கைநாட்டுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு சாட்சி வேணுமே.”

கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குமாஸ்தா என்னைப் பார்த்தார். “டீச்சர் போடலாமில்லா?”

போட்டேன். செல்லும் என்றார்கள்.

ஆக, மாமாவின் விரலுக்கு என் கையெழுத்து செல்லும், என் வயிற்றுக்குச் செல்லாது. சட்டம் தெரிந்தவர்கள் இந்தத் தாளின் அடியிலேயே விளக்கம் எழுதுங்கள். தையல் பிரித்ததும் வந்து படிக்கிறேன்.

இதைப் பலகையில் ஒட்டக் கணவரைத்தான் அனுப்புகிறேன். காரணவரைக் கேட்காமலே ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.