யான்பு அல் நக்லுக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்பு

யான்புவில் ஒன்பது வருடம் பைப் ஃபிட்டராக இருந்தவன், பார்த்த இடங்களைச் சொல்லச் சொன்னால் சைட், கேம்ப், கடைத்தெரு என்று மூன்றோடு முடித்துவிடுவேன். 2006 மார்ச்சில் ஒரேயடியாக ஊர் திரும்ப ஃபைனல் எக்ஸிட் வாங்கி, சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஜெத்தா விமானத்துக்குக் கிளம்ப வேண்டும் என்றானபோதுதான் வெட்கம் உறைத்தது. நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் யான்பு அல் நக்ல் என்று ஒரு பழைய ஊர். எகிப்திலிருந்து ஹஜ்ஜுக்குப் போன ஒட்டகக் கூட்டங்கள் அங்கே இறங்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகுமாம். ஊற்றுகள் வற்றியதும் ஜனங்கள் கைவிட்ட மண் வீடுகள் இன்னும் நிற்கின்றன என்றார்கள். அதையாவது பார்த்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமையைக் குறித்தேன்.

காயல்பட்டினத்துப் பாய் ஒருவர், கேம்ப்புக்கு எதிரே கடை வைத்திருப்பவர், தன் வேனுக்கு எண்பது ரியால் கேட்டார். "ஜும்மா தொழுகைக்கு நான் திரும்பியாகணும் தம்பி, ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டேன்" என்பது அவர் கண்டிஷன். ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. ரூம்மேட் செல்வம் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடிக்க ஏழு பத்து ஆகிவிட்டது. பழைய ஊரைப் பார்க்க அவனுக்கு ஒரு ஆசையும் கிடையாது. புதுக் கேமராவுக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். ரவுண்டானாவுக்கு ரவுண்டானா வண்டியை நிறுத்தச் சொன்னான். நங்கூரச் சிலையின் முன் ஒரு படம், காபிக் கூஜாச் சிலையின் முன் இரண்டு படம். ரிஃபைனரி வேலி ஓரத்தில் அவன் கேமராவைத் தூக்கியபோது, இங்கே படம் எடுத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பாய் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நேரம் போகப் போக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு இருபதுக்குச் செக்போஸ்ட் வந்தது. ஊருக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர். இளவயதுப் போலீஸ்காரன் இக்காமா, அதாவது குடியிருப்பு அட்டை கேட்டான். மற்ற இருவரும் அட்டையை நீட்டினார்கள். எக்ஸிட் அடிப்பதற்காக என் அட்டையை ஆபீஸில் வாங்கி வைத்திருந்தார்கள். என் கையில் இருந்தது ஜெராக்ஸ். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அசல் மாஃபி, இல்லை என்றால் போக முடியாது, யான்புவுக்கே திரும்பு என்றான். பாய் கெஞ்சிப் பார்த்தார். பயனில்லை.

எண்பது ரியாலும் ஒரு வெள்ளிக்கிழமையும் பாழாக வேண்டாம் என்று அவர்களைப் போகச் சொன்னேன். "அண்ணே, நான் நல்லாப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றான் செல்வம், கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே. ஆசைப்பட்டவன் ரோட்டில், ஆசையில்லாதவன் வேனில். பக்கத்துப் பெட்ரோல் பங்க் டீக்கடையில் ஒரு ரியால் கொடுத்து டீ வாங்கி, என்னையும் ஆபீஸையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு அந்தப் போலீஸ்காரனே டீ குடிக்க வந்து எதிரில் உட்கார்ந்தான். எனக்குத் தெரிந்த உடைந்த அரபியில் பேசினோம். அவன் யான்பு அல் நக்ல்காரனாம். தாத்தா காலத்தில் ஊற்று ஓடியதாம். வற்றிய பிறகு வீட்டுக்கு ஒருவராகக் கம்பெனி வேலைக்கு இறங்கிவிட்டார்களாம். எங்கள் பரமக்குடியில் வைகையும் மணல்தான், அதனால்தான் நானும் வந்தேன் என்றேன். என்ன வேலை என்று கேட்டான். கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கி அனுப்பும் லைனில் பைப் போடுகிறேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். யான்புவில் இருக்கும் அவன் அண்ணன் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தானாம். என் டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

பத்து ஐம்பதுக்கு வேன் திரும்பி வந்தது. பாய் எஞ்சினை நிறுத்தாமல் ஹாரன் அடித்தார். அதே நேரம் போலீஸ்காரன் தன் காரைக் காட்டினான். பதினொரு மணிக்கு அவன் டியூட்டி முடிகிறது.

"என்கூட வா. ஊற்று, தாத்தா வீடு, எல்லாம் காட்டுறேன். சாயங்காலம் யான்பு போற யாராவது உன்னை ஏத்திக்குவாங்க."

யாராவது என்றால் யார்? வழியில் வேறொருவன் அட்டை கேட்டால்? விடிந்தால் பஸ். ஷுக்ரான் என்று நன்றி சொல்லிவிட்டு ஓடிப் போய் வேனில் ஏறினேன். அவன் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றான்.

அங்கே என்ன இருந்தது என்று செல்வத்திடம் கேட்டேன். "சுவருதான்ணே" என்றான்.

அந்தப் பழைய ஊரை ஏன் பார்க்கவில்லை என்று ஊரில் இப்போதும் கேட்கிறார்கள். அட்டை இல்லையென்று போலீஸ்காரன் விடவில்லை என்றுதான் சொல்கிறேன். கேட்பவர்கள் அவனைத் திட்டுகிறார்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.