காலி அட்டை காட்டி வாங்கிய மாத்திரை

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும், நினைவும் அங்கங்கே அறுந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை தீர்ந்த காலி அட்டைதான் எங்கள் பக்கம் மருந்துச் சீட்டு. நெஞ்செரிச்சலுக்குக் கொஞ்ச நாளைக்கென்று டாக்டர் எழுதிய சீட்டு, சேலையோடு சேர்ந்து துவைபட்டுக் கூழாகிவிட்டது. டாக்டரிடம் மறுபடி போய்ப் பேசக் கூச்சம். பாளையம்பட்டி மருந்துக்கடை அண்ணாச்சியிடம் அட்டையை நீட்டினேன். “அட்டை இருக்குல்ல தாயீ, சீட்டு எதுக்கு?” என்று அதே மாத்திரையைக் கொடுத்தார். அப்படியே எட்டு ஒன்பது வருடம், தினமும் வெறும் வயிற்றில் ஒன்று.

பிறகு பாதம் மரத்தது. டவுன் பஸ்ஸில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு இறங்கினேன். நாக்கு வெந்ததுபோல் எரிந்தது. விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிற எனக்கு, விரலில் நூல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது, “இந்த வயசுல கொமரிக் காலு கேக்குதோ?” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் தறிக்கூடத்தில் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் பார்த்தார். பி12 சத்து அடிமட்டத்தில் இருந்தது. “இத்தன வருசமா யாரக் கேட்டுத் தின்னீங்க?” என்றார். மாத்திரை கெட்டதல்ல, சிலருக்கு வருடக்கணக்கில் வேண்டியிருக்கும். ஆனால் அந்த மாத்திரையால் வயிற்றில் புளிப்பு நீர் குறைந்தே கிடந்தால் சாப்பாட்டிலிருந்து அந்தச் சத்து சரியாகச் சேராது, டாக்டர் பார்வையில்தான் தின்ன வேண்டும் என்றார். ஊசி போட்டதில் நாக்கு ஆறியது. விரலில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை.

இப்போது தினமும் காலையில் அண்ணாச்சி கடைக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் உட்காருகிறேன். அதே மாத்திரையின் காலி அட்டையோடு வருகிறவளை மறிக்கிறேன். “ஏத்தா, எத்தன வருசமாத் திங்கிற? நீயா நிப்பாட்டிராத. டாக்டர்ட்ட கேளு, ரத்தம் பாக்கணுமான்னு கேளு.” பாதிப் பேர் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

“என் யாவாரத்தக் கெடுக்கத்தான் உக்காந்திருக்கியா?” என்று அண்ணாச்சி கத்தினார்.

“ஆமா” என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. என் ஆயுளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

நர்சம்மா யாராவது இதைப் படித்தால், நான் அந்தப் பெண்களிடம் சொல்வது சரியா என்று பார்த்துத் திருத்திக் கொடுங்கள். ஒரு சொல் பிசகினாலும் அந்த ஆள் மறுபடி சிரிப்பார். அதற்கு மட்டும் இடம் வைக்காதீர்கள்.