பள்ளத்தாக்குக்குப் போகாத பொன்னி அரிசி

நடராஜ் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை, ஹார்ட் அட்டாக்.

சான் ரமோன் ஆபீஸில் என் பக்கத்து க்யூபிக்கிள். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என்னைவிடச் சின்னவர்... இதில் மட்டும் முந்திக்கொண்டார்.

யூட்டா பாலைவனத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கூடாரம், சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு நான்கு நாள் நடக்க வேண்டும். அங்கே போக நாங்கள் போட்ட திட்டத்தின் வயதைப் பார்த்தால், அந்தப் பள்ளத்தாக்கே நேற்றுப் பிறந்த குழந்தை.

ஒரு வருஷம் அவர் மகளின் காலேஜ் அட்மிஷன். ஒரு வருஷம் என் முழங்கால். அடுத்த வருஷம் லேஆஃப் பயம்...

"நவம்பர்லதானுங்க சார் போகோணும்" என்பார். "வெயில் தணிஞ்சிருக்கும், திடீர் வெள்ளமும் வராது. ராத்திரி குளிரு மட்டுந்தான்."

"அந்தக் குளிர்ல சட்னி உறைஞ்சிடுமே நடராஜ்."

"அங்க சட்னி எதுக்குங்க சார்?"

இப்படிக் கேட்டதற்காக அவரோடு ஒரு யுகம் பேசாமல் இருந்தேன். லஞ்ச் வரைக்கும்.

தண்ணீர் அவர் இலாகா, சாப்பாடு என் இலாகா. எந்த ஊற்று நவம்பரில் வற்றியிருக்கும் என்று அவர் போன் போட்டுக் கேட்ட கேள்விகளில், பள்ளத்தாக்கைக் காவல் பார்க்கும் ரேஞ்சர் அம்மாளுக்கே தொண்டை வற்றியிருக்கும். நான் மூன்று தேசத்துப் படைகளுக்குப் போதுமான புளிக்காய்ச்சலுக்குத் திட்டம் தீட்டினேன்.

பை தூக்கிப் பழக வேண்டுமே. எடைக்காக எல்லோரும் தண்ணீர் கேனை உள்ளே வைப்பார்கள். நடராஜ் இந்தியன் ஸ்டோரில் வாங்கிய பொன்னி அரிசி மூட்டையை அப்படியே பைக்குள் இறக்கினார். சனிக்கிழமைதோறும் மேடு மேடாக ஏறினோம். உலக சரித்திரத்திலேயே அதிகம் நடந்த அரிசி அதுதான்.

ஒருநாள் மேட்டு உச்சியில் நிற்கிறோம், அவர் மனைவி மல்லிகாவிடமிருந்து போன்.

"ஏனுங்க, விருந்தாளுங்க வந்து உக்கார்ந்திருக்காங்க. அரிசி மூட்டை எங்கீங்க?"

"எங்கூடத்தான் இருக்குது. வந்துட்டே இருக்கறோம்."

குதிரைப்படை மாதிரி இறங்கினோம். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. "நடந்த களைப்புங்க" என்றார் நடராஜ், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இந்த வருஷம் பள்ளத்தாக்கில் நடக்கப் பெர்மிட் வந்துவிட்டது. "கெடச்சிருச்சுங்க சார்" என்று ஒரு மெசேஜ். கூடவே ஒரு போட்டோ. டிரைவ்வேயில் பையோடு, எவரெஸ்டை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் போல நிற்கிறார்.

அந்த போட்டோவை இந்த வாரம் எத்தனை தடவை திறந்தேன் என்று போனுக்குத்தான் தெரியும்.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கராஜ் மூலையில் அந்தப் பை. தூக்கிப் பார்த்தேன்... கனத்தது.

மல்லிகா வாசலில் நின்றிருந்தார். "அரிசி உள்ளதான் இருக்குதுங்ணா. எடுக்க மனசு வரலைங்க."

"இருக்கட்டும்மா."

சுண்டு விரலால் இமயத்தைத் தூக்கியதாகக் கதை விடுகிற நான், அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்து மூலையிலேயே வைத்தேன்.

பெர்மிட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். இன்னும் கேன்சல் பண்ணவில்லை.

முன்னால் நடங்க நடராஜ். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்க.

புளிக்காய்ச்சல் என் பொறுப்பு. சட்னி இல்லாமலே வருகிறேன்.